ஒரு நாள் போட்டுப் பார்க்கிறவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் நைட்டி போட்டிருந்தார். சட்டைக்கும் கைலிக்கும் மேலே, மஞ்சளில் ஊதாப்பூ போட்டு, கழுத்தில் லேஸ் வைத்த நைட்டி. தலையில் தொப்பி, நரைத்த தாடி, கையில் பெரிய கத்தரிக்கோல். தாராவித் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே புகுந்து, நாலு பேரிடம் வழி கேட்டு, செங்குத்தான இரும்பு ஏணியில் கைப்பையோடு தொற்றி ஏறி வந்திருந்த நான், அப்படியே இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

“வாங்க மேடம், பயப்படாதீங்க. இது செக்கிங்” என்றார். “நாளைக்கு டெலிவரி போவுது. காலைல இருந்து போட்டிருக்கேன். கக்கத்துல பிடிக்குது. நமக்கே பிடிக்குதுன்னா, இதப் போட்டுக்கிட்டு அடுப்படில நிக்கப் போற பொம்பளைக்குப் பிடிக்காதா?”

கையைத் தூக்கிக் காட்டினார். நான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அங்கிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“பொம்பளையாளு யாரோ வந்திருக்கா போலுக்கே. அந்தக் கருமத்தக் கழத்திட்டுப் பேசுனா என்ன? இவுக நைட்டி போடுதாவன்னு ஊர்ல தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போவேன்?”

“மாலு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போ” என்றார் அவர், சத்தமாக. சரக்கை அவர் மாலு என்பார்.

அதுதான் அவர். அவருடைய தையல் கார்கானாவிலிருந்து எந்தச் சரக்கும் அவர் உடம்பில் ஒரு முழு நாள் இருக்காமல் வெளியே போகாது. பள்ளிக்கூடப் பைக்கு ஆர்டர் வந்தால், அதில் நாலு செங்கல்லைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, காலை நேரக் கூட்டத்தில் சயானில் ரயிலேறி குர்லா வரை போய்த் திரும்பி வருவார். பம்பாயில் ஒரு பைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. மழைக்கோட்டு என்றால் ஜூலை மாதம் வெறுமனே தெருவில் நிற்பார். தெரிந்தவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “ஒழுகுதான்னு பாக்கேன்” என்று பதில் வரும்.

தேறாத சாம்பிள்களை அவர் தூக்கிப் போடுவதில்லை. சுவரோரம் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார். கிழிந்த பை, ஒழுகிய மழைக்கோட்டு, கக்கத்தில் பிடித்த நைட்டி எல்லாம் அதில் கிளிப் போட்டுத் தொங்கும். ஒவ்வொன்றிலும் துண்டுத் துணி ஒன்று தைத்து, தேதி போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் குறிப்பு எழுதியிருப்பார். ‘ஒரு நாள். வார் அறுந்தது. ஃபெயில்.’ ஊரில் எல்லாக் கடைக்காரனும் நல்ல சரக்கை முன்னால் தொங்கவிடுவான். இவர் மானம் போகிற சரக்கைத் தொங்கவிட்டிருந்தார்.

“கெட்ட சரக்கத்தான் மேடம் முதல்ல காட்டணும். நல்லது அதுவா தெரிஞ்சிரும்” என்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அவர் போட்டுப் பார்த்துத் தேறாது என்று சொன்ன பிறகும் வாங்க வந்தவர் அதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், அவரும் ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு எடுத்துக்கொண்டு போகலாம். மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் முதலாளி ஒருவர், தம் ஆட்களுக்குப் பளபளக்கும் நைலானில் ஏப்ரன் கேட்டார். இவர் அதைக் கட்டிக்கொண்டு ஒரு முழு நாள் வடைச் சட்டிக்கு முன்னால் நின்று, வயிற்றில் வேர்க்குருவோடு திரும்பி வந்து, “இனிமே உங்க முறை, முதலாளி” என்று ஏப்ரனை நீட்டியிருக்கிறார். முதலாளி வேறு கடைக்குப் போய்விட்டார். அவருடைய தொழில் ஏன் அந்த ஒற்றை அறையைத் தாண்டி வளரவில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி என் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். வாஷிக்கு அப்பால் ஒரு மலையை உடைத்து ஜல்லியாக்கும் கம்பெனியில் நான் அப்போது சமூக ஆரோக்கிய அதிகாரி. ஜல்லியை விற்றோம். கூடவே வரும் தூசியை அடிவாரத்துக் குடியிருப்புக்கு இலவசமாக வழங்கினோம். ஆரோக்கியப் பிரிவு என்பது நான், ஒரு கேமரா, மடித்து வைக்கக்கூடிய ஒரு பேனர். வருஷத்துக்கு இரண்டு முகாம் நடத்துவோம். இருமுகிறவர்களுக்குக் கண் பரிசோதனை. கண் நன்றாக இருந்தால் கால்சியம் மாத்திரை. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். “எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடுமே” என்று எங்கள் ஜெனரல் மேனேஜர் மனம் திறந்து சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கல்லை நொறுக்கும் கிரஷருக்கு மேலே தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன. இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்குக் கட்டுப்பட்டு வருஷா வருஷம் பச்சைப் பெயின்ட் அடித்தோம். தண்ணீர் மட்டும் விடுவதில்லை. நனைந்த தூசி சல்லடையை அடைத்துக்கொள்ளுமாம், வேலை நின்றுபோகுமாம். ஜனங்களின் நெஞ்சை அடைத்தால் வேலை நிற்காது.

அடிவாரத்து ஜனங்கள் எங்கேயோ எழுதிப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. ஜெனரல் மேனேஜர் கூட்டம் போட்டார். சமோசா தீருவதற்குள் முடிவு எட்டப்பட்டது: எல்லோருக்கும் முகமூடி. வான நீலத்தில் மெல்லிய ஒற்றைத் துணி, நடுவில் கம்பெனிச் சின்னம். சின்னம் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், போட்டோவில் தெரிய வேண்டும். தைக்க ஆள் தேடித்தான் நான் அந்த ஏணியில் ஏறினேன்.

படத்தை வாங்கிப் பார்த்தார். நைட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இது எங்கன வச்சுப் போடுததுக்கு?”

“கல் குவாரியில, பாய்.”

“எத்தனை மணி நேரம் போடுவாங்க?”

நாலு வருஷமாக அந்தப் பிரிவை நடத்துகிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “நாள் முழுக்க இருக்கும்” என்றேன்.

“அப்பம் நானும் அங்கன வந்து ஒரு நாள் போட்டுப் பாக்கணும்லா?”

நான் சிரித்துவைத்தேன். நாலாம் நாள் காலை எட்டரைக்கு வாஷி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “மேடம், வந்துட்டேன். ஆட்டோவுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?” வெள்ளைச் சட்டை, கையில் டிபன் தூக்கு, முகத்தில் வான நீல முகமூடி. சின்னம் பளிச்சென்று தெரிந்தது. அந்த முகமூடிக்கு அதுதான் கடைசி நல்ல நேரம்.

கிரஷர் பெல்ட்டின் ஓரத்தில் மண் ஒட்டிய கல்லைப் பொறுக்கி எறிகிற வேலையில் பேச்சியம்மாள் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முந்தானையைத் தண்ணீரில் முக்கி மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நாலு கல்லை எறிவாள், நின்று இருமுவாள், மறுபடி நாலு கல். அவள் புருஷனும் அதே பெல்ட்டில் நின்றவன்தான். டி.பி. என்று எழுதிக் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நோய் எதற்கும் கேட்கவில்லை, போய்ச் சேர்ந்தான். இப்போது மகள் பக்கத்தில் நின்று கல் பொறுக்கினாள். அவளுக்கு இன்னும் இருமல் வரவில்லை.

பாய் அவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

“யாரு அண்ணாச்சி நீங்க? புதுசா?” என்றாள் பேச்சியம்மாள்.

“டெய்லரு.”

“இங்கன என்னத்தத் தைக்கப் போறீக?”

“மூஞ்சிக்கு.”

அவள் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நின்ற பிறகு மகளைக் காட்டிச் சொன்னாள்: “எனக்கு ஆனது ஆச்சு. இவ நெஞ்சுல ஏறாம இருக்க ஒரு வழி செஞ்சீகன்னா உங்களக் கையெடுத்துக் கும்பிடுவேன்.”

அவர் முகமூடியின் நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டினார். மாலை வரை நின்றார். பகலில் ஒரு தடவை டிபன் சாப்பிடவும் ஒரு தடவை தொழுகைக்கும் மட்டும் தள்ளிப் போனார். ஐந்து மணிக்கு வெள்ளைச் சட்டை சிமெண்டு நிறத்துக்கு வந்திருந்தது. முகமூடியைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினார். மூக்குத் துவாரங்களுக்கு நேராக இரண்டு கறுப்புப் பொட்டு, கீழே உதடுகளின் அச்சு. பேச்சியம்மாளின் முந்தானையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே பொட்டு.

“மேடம், கண்ணுக்குத் தெரியுததே இம்புட்டு உள்ள வந்திருக்கு. தெரியாதது எம்புட்டுப் போயிருக்கும்?”

“பாய், டிசைன் மேலேயிருந்து வந்தது. நாம தைச்சுக் கொடுத்தா போதும்.”

“ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார், நான் சொன்னது காதில் விழாதவராக.

அடுத்த வாரம் இரண்டு மடிப்பில் தைத்து எடுத்து வந்தார். அதற்கடுத்த வாரம் மூன்று மடிப்பு. பிறகு நடுவில் பஞ்சு வைத்து. பிறகு மூக்குக்கு மேலே அலுமினியப் பட்டை வைத்து. சில வாரம் இரண்டு நாள்கூட வந்தார். கேட்டில் இருந்த காவலாளி அவரை மாஸ்க்வாலா என்று கூப்பிட்டு, பெயர்கூட எழுதாமல் உள்ளே விட்டான். ஒவ்வொரு மாலையும் உள்பக்கம் திருப்பப்படும், பொட்டு தெரியும், துண்டுத் துணியில் குறிப்பு ஏறும். பேச்சியம்மாளுக்கு நாலாவது தடவையிலேயே நம்பிக்கை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. ஆறு மடிப்பு வைத்த அன்று மதியம் மூச்சு முட்டி அவரே கீழே உட்கார்ந்துவிட்டார். மகள்தான் தண்ணீர் கொண்டு ஓடினாள். அன்றைக்கும் பொட்டு இருந்தது.

இந்தத் தியாகத்தை எல்லாம் நான் வீணாக்கவில்லை. அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘முகமூடியின் மாதிரி, குவாரியிலேயே, ஒரு முழு நாள் அணிந்து சோதிக்கப்பட்டது.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சோதனையில் என்ன தெரிந்தது என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை. ஜெனரல் மேனேஜர் படித்துவிட்டு என் எழுத்தில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதாவது தடவை முடிந்த மாலை, பாய் என்னிடம் வந்து நின்றார்.

“மேடம், இது துணி வேலை இல்ல. தண்ணி வேலை. மேல பச்சையா பைப்பு ஓடுதே, அதத் திறந்தா தீந்துது. தச்செல்லாம் அடைக்க முடியாது.”

“அது என் கையில இல்ல, பாய். எனக்கு முகமூடிதான் வேணும். ஒற்றைத் துணியே போதும்.”

அவர் தோளிலிருந்து பையை இறக்கினார். பையிலிருந்து புது முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அப்பம் உங்க முறை. ஆர்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்கதான? ஒரு நாள் போடுங்க. பொறவு சரக்க எடுத்துக்கிடுங்க.”

மாட்டுங்கா முதலாளியைப் போலக் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பேச்சியம்மாளும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, லிப்ஸ்டிக் போட்ட முகத்தில் முகமூடியைக் கட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து மணிக்குத் தொண்டை காய்ந்தது. பதினொன்றுக்குப் பல்லில் மணல் கடித்தது. ஒரு மணிக்கு எனக்கு வாஷியில் ஒரு முக்கியமான மீட்டிங் ஞாபகம் வந்தது. அப்படி எந்த மீட்டிங்கும் இல்லை. முகமூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கறுப்புப் பொட்டு, கீழே சாம்பலும் சிவப்புமாக என் உதடுகள்.

“மிச்ச அரை நாளு?” என்றார்.

“வேற ஒரு நாள் பார்க்கலாம், பாய்” என்றேன்.

அன்று மாலையே குர்லாவில் ஒரு பட்டறைக்காரரிடம் ஆர்டரைக் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சின்னத்தை எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும் என்று. தாராவிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைப்பதில் எனக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.

அதிகாரி சனிக்கிழமை வருகிறார் என்றால் வியாழக்கிழமையே பச்சைக் குழாய்களில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளில் மலை குளித்துவிட்டு வந்து நின்றது. அடிவாரத்தில் இருந்த பாதாம் மரத்துக்கு இலை பச்சை நிறம் என்பதை நாலு வருஷத்தில் அன்றுதான் கண்டேன். பந்தல், நாற்காலி, பேனர். அதிகாரி வந்திறங்கி, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, “நல்ல மலைக்காற்று” என்றார் மராத்தியில். ஜெனரல் மேனேஜர் அடக்கமாகச் சிரித்தார். குர்லா முகமூடிகள் மேஜைமேல் அடுக்கியிருந்தன. முதல் முகமூடியைப் பேச்சியம்மாளின் மகளுக்கு மாட்டிப் போட்டோ எடுப்பதாக ஏற்பாடு.

அப்போதுதான் பாய் வந்தார்; அதிகாரி வருகிற நாளைக் குவாரியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை. காவலாளி வழக்கம்போல் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறான். மேஜைமேல் இருந்த குர்லாச் சரக்கைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, துணியின் வழியாக என்னைப் பார்த்தார். நான் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். தம் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துப் பந்தலின் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் கட்டினார். ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரிய, முகமூடிகளைத் தொங்கவிட்டார். ஒன்பது ஜோடி பொட்டு, ஒன்பது வாய். கடைசியாக, என்னுடையது.

“என்ன இது?” என்றார் அதிகாரி.

“சாம்பிள், சாப்” என்றார் பாய், தம்முடைய தாராவி இந்தியில். “வாங்குற பார்ட்டி முதல்ல ஃபெயிலானதைப் பார்க்கணும்.”

அதிகாரி எழுந்து வந்தார். கையில் என் அறிக்கை இருந்தது. முதல் முகமூடியில் தைத்திருந்த துண்டுத் துணியைப் புரட்டினார். தமிழ். அவருக்குப் படிக்க வராது. பந்தலைச் சுற்றிப் பார்த்தார். ஜெனரல் மேனேஜர் என்னைக் காட்டினார். நம்பிக்கையோடுதான் காட்டினார். நான் முதிர்ச்சி அடைந்தவள் ஆயிற்றே.

தேதியையும் துணியின் விவரத்தையும் தவிர அதில் எதுவும் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதியிருப்பதாகக்கூடச் சொல்லியிருக்கலாம். அந்தப் பந்தலில் என்னைத் திருத்தக்கூடியவர் பாய் ஒருவர்தான், அவர் திருத்த மாட்டார். சரக்கைக் காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் செம்பூர் ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு அப்போது தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் கையெழுத்தோ கோணல். சரளமாகப் பொய் சொல்வதற்குச் சரளமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.

“ஒரு நாள். ஒத்தைத் துணி. ஃபெயில்” என்று கூட்டிப் படித்து மராத்தியில் சொன்னேன். அடுத்தது. “ஒரு நாள். ரெண்டு மடிப்பு. ஃபெயில்.” ஜெனரல் மேனேஜர் இருமினார். அவருக்குத் தூசியால் வரும் இருமல் கிடையாது. “ஒரு நாள். பஞ்சு வச்சது. ஃபெயில்.” பேச்சியம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவதற்கு மேல் எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

பத்தாவது முகமூடியில் அதிகாரி நின்றார். “இதில் சிவப்பு இருக்கிறதே. இது யாருடையது?”

துண்டுத் துணியில், ‘மேடம். அரை நாள்’ என்று இருந்தது. ஃபெயில் என்று எழுதவில்லை.

“என்னுடையது சார்” என்றேன்.

அவர் கயிற்றையும், மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த குழாய்களையும், மேஜையில் இருந்த வான நீல அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தத் தேதிகளில் எல்லாம் தண்ணீர் ஓடியதா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். போட்டோ எடுக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரஷர் ஓடுகிற நேரமெல்லாம் தண்ணீர் ஓட வேண்டும், அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாமலே வந்து பார்ப்பார்கள் என்று உத்தரவு வந்தது. சல்லடை அடைத்துக்கொண்டது, அடைப்பை எடுக்க இரண்டு ஆளைப் போட்டார்கள், மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. என்னை அம்பர்நாத்தில் இருந்த கம்பெனிக் கிடங்குக்கு மாற்றினார்கள், அதே சமூக ஆரோக்கிய அதிகாரிப் பதவியில். கிடங்கைச் சுற்றி அரை மைலுக்குச் சமூகமே கிடையாது. அங்கே வேறு வேலை இல்லாததால்தான் நான் ஒழுங்காகத் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தாராவிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டு நல்ல வார்த்தை கேட்கத்தான் போனேன். வேலையைப் பணயம் வைத்தவளுக்கு அதுகூடவா கிடைக்காது? ஏணியில் ஏறினால் பாய், குழந்தையை முதுகில் சுமக்கும் துணித் தொட்டில் ஒன்றைக் கட்டி, அதில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எனக்கு டீ கொடுத்தார். சுவரோரக் கயிற்றில் என் முகமூடி தொங்கியது. ‘மேடம். அரை நாள்.’

“பாய், அதை இன்னும் எடுக்கலையா? அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால நான்தானே எல்லாத்தையும் படிச்சுச் சொன்னேன்?”

“சொன்னீங்க மேடம். நல்லாத்தான் சொன்னீங்க. அது வாய். இது மூக்கு. மூக்கு அரை நாளுதான போட்டிருக்கு?”

“ஏங்க, வந்த பிள்ளைய இப்படியா பேசுதது?” என்றார் அவர் மனைவி.

“உள்ளத எழுதியிருக்கு. மாத்தி எழுத முடியுமா?”

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அப்படியே கயிற்றிலிருந்து முகமூடியைப் பிடுங்கப் போனேன். அவர் தடுத்து, மேஜையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “பழசுல பழைய தூசி கெடக்கு. சோதனை கெட்டுப்போவும். அதே ஒத்தைத் துணிதான், போட்டுக்கிடுங்க.”

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். குவாரிக்குள் என்னை விடவில்லை. காவலாளிக்கு மாஸ்க்வாலாவைத் தெரியும், வேலை மாறிப்போன மேடத்தைத் தெரியாது. அடிவாரத்தில், பேச்சியம்மாளின் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பகல் ஒரு மணியிலிருந்து வேலை முடிகிற வரைக்கும் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எனக்கு ஏதோ தொற்றுநோய் என்று விலகிப் போனார்கள். பேச்சியம்மாள் இப்போது வேலைக்குப் போவதில்லை. முடியவில்லை. உள்ளே கட்டிலில் இருந்து இருமிக்கொண்டே பேச்சுக்கொடுத்தாள். மகள் வேலை முடிந்து வந்தாள். தலைமுடியில் தூசி இல்லை, கறுப்பாகவே இருந்தது.

முகமூடியைக் கழற்றித் திருப்பினேன். கிட்டத்தட்ட அதே வான நீலம். உற்றுப் பார்த்தால் மட்டும் வெளிறின சாம்பலில் இரண்டு புள்ளி. கையில் பரிசு வாங்கிய மாதிரி ஓடிப் போய்ப் பேச்சியம்மாளிடம் காட்டினேன். அவள் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “அந்தப் பைப்பு இருபது வருசமா அங்கனதான கெடந்தது, மேடம்?”

நான் முகமூடிக்காகக் கையை நீட்டினேன். அவள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மவளுக்காவது ஆச்சு” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. டி.பி. என்றுதான் எழுதிக் கொடுத்தார்களாம்.

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அன்று மாலை நேராகத் தாராவிக்குத்தான் போனேன். பாய் முகமூடியை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“நல்லா ஆயிருக்கு. ரொம்ப நல்லா ஆயிருக்கு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் பேனாவை எடுத்தார். என் பழைய முகமூடியின் துண்டுத் துணியில் ‘அரை’யை அடித்துவிட்டு, ‘ஒரு’ என்று எழுதினார். பிறகு புது முகமூடிக்கும் துண்டுத் துணி ஒன்று வெட்டி, தேதி போட்டு, நிதானமாக எழுதித் தைத்து, கிளிப் போட்டு அதே கயிற்றில் மாட்டினார்.

“பாய், அது ஃபெயில் கயிறு.”

“ஆமா மேடம்” என்றார் அவர். “இன்னும் பொட்டு தெரியுதே.”